சிவப்புக் காலிப்பர்

என் வீட்டுக்காரர் சின்னராசு தெரியாத வேலையில் கை வைக்க மாட்டார் என்று கல்யாணமான நாளிலிருந்து நம்பிக்கொண்டிருந்தேன். மிளகுக் கொடி கட்டுவார், பலா மரம் ஏறுவார், மரவள்ளிக்கு மண் அணைப்பார். மோட்டார் நின்றுவிட்டால் மட்டும் அதற்குத் தெரிந்த ஆளைக் கூப்பிடுவார். கார் வந்தது, அந்த நல்ல பழக்கம் போய்விட்டது.

கார் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். சேலத்தில் மூன்று பேர் ஓட்டிக் களைத்துப்போய் விற்ற பழைய வெள்ளைக் கார். ஓடும்போது ஃபர்ஸ்ட் கியர் விழாது. வண்டி முழுசாக நின்றால்தான் விழும்; அவசரப்பட்டுப் போட்டால் கரகரவென்று கத்தும். ஆனாலும் கொல்லிமலை வளப்பூர் நாட்டில் எங்கள் வரிசை வீடுகளில் முதல் கார் அதுதான். இவர் தினமும் காலையில் பல் விளக்கும் முன்பு அதைத் துடைப்பார். எங்கள் மகள் தாரணி ஒன்றாம் வகுப்பு போகிறாள். அவள் மூக்கு ஒழுகினால் துடைக்க நான்தான் வர வேண்டும், காருக்கு அப்பா இருக்கிறார்.

எனக்கு எங்கள் மலை ரோடு என்றாலே பயம். மலையில் பிறந்தவளுக்கு மலை ரோட்டில் என்ன பயம் என்று இவர் கேலி பண்ணுவார். மலையில் பிறந்ததால்தான் பயம். காரவள்ளி அடிவாரத்துக்கு இறங்குவதற்குள் எழுபது கொண்டை ஊசி வளைவு. அதில் எந்த வளைவில் எந்த லாரி உருண்டது, எந்த மரத்தில் மோதி நின்றது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். பஸ்ஸில் போனாலும் கண்ணை மூடிக்கொண்டுதான் போவேன்.

இவருடைய தங்கை பொன்னம்மாளைச் சேந்தமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறது. அவள் பையனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். மாமன் வராமல் ஆசாரி ஊசியைத் தொட மாட்டார். இத்தனை காலம் நாங்கள் எல்லா விசேஷத்துக்கும் பஸ்ஸில் பலாப்பழ மூட்டையோடு இடிபட்டுப் போனவர்கள். இந்த முறை தாய்மாமன் சொந்தக் காரில் சீர் கொண்டுபோய் இறங்கப் போகிறார். அந்த நினைப்பில் இவருக்கு ஒரு வாரமாகத் தூக்கமே இல்லை.

அந்த நேரத்தில்தான் போனில் யாரோ ஒரு பையன் பேசும் வீடியோவைப் பார்த்துத் தொலைத்தார். வீட்டிலேயே காலிப்பருக்குப் பெயிண்ட் அடிப்பது எப்படி என்று. காலிப்பர் என்றால் என்ன என்று நான் கேட்டுவிட்டேன். கேட்டது தப்பு. சாப்பிட்ட தட்டைத் தரையில் நிறுத்தி வைத்து விளக்கினார். சக்கரத்துக்குள்ளே இப்படி ஒரு வட்டத் தகடு சுற்றுமாம். பிரேக்கை மிதித்தால் இரண்டு கட்டைகள் இரண்டு பக்கமும் வந்து அந்தத் தகட்டைக் கவ்விப் பிடிக்குமாம். அந்தக் கட்டைகளை வைத்திருக்கிற இரும்புக் கவ்விதான் காலிப்பர். அது முன்சக்கரத்தில் மட்டும்தான் இருக்கிறது. அதற்குச் சிவப்புப் பூசினால் வண்டி பந்தய வண்டி மாதிரி இருக்குமாம்.

"அது சக்கரத்துக்கு உள்ளாற இருக்குதுங்களே, எவன் குனிஞ்சு பாப்பான்?" என்றேன்.

"பாக்கறவன் பாப்பான்" என்றார்.

காதுகுத்துக்கு முதல் நாள் காலையிலேயே வாசலில் ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கிவிட்டார். நான் பின்பக்கம் மிளகு காயப் போட்டுவிட்டு, சீருக்குப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்கிற சத்தம் மதியம் வரைக்கும் கேட்டது. சாப்பிடக் கூப்பிடப் போனபோது ஒரு பக்கம் முடித்து மறுபக்கத்தில் இருந்தார். மூக்கு நுனியில் சிவப்பு, புருவத்தில் சிவப்பு, வேட்டியில் சொல்லவே வேண்டாம். ஆனால் காலிப்பர் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. பழுத்த மிளகாய் நிறம். அதை ஒட்டியே இருந்த அந்த வட்டத் தகட்டில் ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை, பளபளவென்று மின்னியது.

"ஏனுங்க, உங்க மூஞ்சியெல்லாம் பெயிண்ட். அந்தத் தகட்டுல மட்டும் எப்படிங்க படாம அடிச்சீங்க?"

அவர் ஒரு கண்ணைச் சிமிட்டினார். "அது தொழில் ரகசியம். நம்மூட்டு வித்தை" என்றார்.

வாய் நிறையச் சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, ஓடிவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். டிக்கியில் ஆறு பலாப்பழம், பின்சீட்டில் வாழைத்தார், சீர்த்தட்டு, பலகார டின், நடுவில் பட்டுப் பாவாடையில் தாரணி. முன்னால் இவருக்குப் பக்கத்தில் நான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம் என்று இவரைப் பார்க்க எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மேலே இருக்கிற ரோட்டில் ஏற்ற இறக்கம் அதிகமில்லை, மெதுவாகப் போனோம். ஒன்றிரண்டு இடத்தில் பிரேக் போடும்போது காலை அதிகமாக அழுத்துகிறாரோ என்று தோன்றியது.

சோளக்காடு ஊர்க் கடைவீதியில் அன்னாசி வாங்க நிறுத்தினார். நிறுத்தினார் என்று சொல்கிறேன், வண்டி நிற்கவில்லை. அவர் நினைத்த இடத்தைத் தாண்டி ஊர்ந்துபோய், பழக்கடை சென்னம்மாளின் கொய்யாக் கூடையில் இடித்துத்தான் நின்றது. நாலைந்து கொய்யா ரோட்டில் உருண்டது.

"ஏப்பா சின்னராசு, கண்ணு தெரியலியா? கூடைய இடிச்சுட்ட, நாளைக்கு என்னைய இடிப்பியா?" என்று அந்த அம்மா எழுந்து நின்று சத்தம் போட்டது.

இவர் இறங்கிக் கொய்யாவைப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு, அதே சூட்டில் அந்த அம்மாவைக் கூப்பிட்டுச் சக்கரத்தைக் காட்டினார். அந்த அம்மாவும் குனிந்து பார்த்துவிட்டு, "என்னடா இது, வண்டி வெத்தல போட்டிருக்குது?" என்றது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவருக்கு அது போதும். நான் சிரிக்கவில்லை.

"பிரேக் சரியாப் புடிக்கலீங்களா?" என்று கேட்டேன்.

"புடிக்குது, புடிக்குது. கழட்டி மாட்டுன புதுசு. கொஞ்சம் ஓடுனா செட் ஆயிரும்."

"மெக்கானிக்கிட்டக் காட்டிட்டுப் போலாமுங்க."

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு புள்ள. என்ற தங்கச்சி வாசலப் பாத்துக்கிட்டு நிப்பா."

அதற்கு மேல் நான் சொன்னால் தாய்மாமனைத் தடுத்தவள் ஆகிவிடுவேன். மனசுக்குள் எட்டுக்கை அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

இறக்கம் தொடங்கியது. வளைவுக்கு வளைவு மஞ்சள் பலகையில் எண் எழுதியிருக்கும். தாரணிக்கு எண் படிக்கத் தெரிந்ததிலிருந்து அதை ஒவ்வொன்றாகக் கத்திப் படிப்பதுதான் விளையாட்டு. "எழுவது! அறுவத்தி ஒம்போது!" என்று பின்னால் இருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. இந்த ரோட்டில் ஒரு வளைவு வரைக்கும் நம் பக்கம் பாறை இருக்கும், அடுத்த வளைவு திரும்பினால் நம் பக்கம் பள்ளம் வந்துவிடும். பாறை வரும்போது மூச்சு விடுவேன், பள்ளம் வரும்போது பிடித்துக்கொள்வேன். இப்படியேதான் நான் எப்போதும் இறங்குவது.

முதல் சில வளைவுகள் சாதாரணமாகத்தான் போயின. பின்சக்கரத்துப் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்கள். அறுபதுக்குக் கீழே வந்தபோது இவர் பேச்சை நிறுத்திவிட்டார். கிளம்பியதிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்த மனுஷன். நான் அவர் காலைப் பார்த்தேன். பிரேக்கை மிதித்து, எடுத்து, மறுபடி மிதித்து, சீட்டிலிருந்து உடம்பு எழும்புகிற அளவுக்கு மிதித்தார். வண்டி கொஞ்சம் யோசித்துவிட்டுத் தன்பாட்டுக்குப் போனது.

"என்னங்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்று சொல்கிற ஆளுக்குக் காதோரம் வியர்வை ஓடாது. பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். "என்னமோ வேலை பண்ணி வெச்சிருக்கீங்க. நேத்து முழுக்க அதை நோண்டிக்கிட்டு இருக்கறப்பவே நெனச்சேன். சும்மா இருந்த வண்டிக்குப் பூச்சு எதுக்கு, பொட்டு எதுக்கு" என்று தொடங்கினேன். அவர் மறுபடி பிரேக்கை மிதித்தார். வண்டி அப்படியேதான் போனது, நானும் நிறுத்திவிட்டேன்.

"அம்பத்தி ஏழு!" என்றாள் தாரணி.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. முதலில் பலகார டின் என்று நினைத்தேன். இல்லை, ஏதோ எண்ணெய் கருகுகிற வாசனை. விளக்கில் திரி எரிந்து முடிந்து அடி எண்ணெய் புகையுமே, அது. எங்கள் வீட்டில் தினமும் முகர்கிற வாசனை. முன்சக்கரத்துப் பக்கமிருந்து லேசாக நீலப் புகை வந்து என் ஜன்னலைக் கடந்து போனது.

"விளக்கெண்ணெய் வாசமா இருக்குதுங்களே" என்றேன்.

அவர் முகம் மாறியதை நான் சாகும் வரைக்கும் மறக்க மாட்டேன். சந்தனம் வைத்த நெற்றி அப்படியே வெளுத்துப்போனது. எனக்கு ஒரு நொடியில் எல்லாம் புரிந்துவிட்டது, ஆனாலும் அவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

"அந்தத் தகட்டுக்கு என்ன பண்ணுனீங்க?"

"பலா அரியறப்ப கைக்கும் கத்திக்கும் எண்ணெ தடவறமில்ல கவிதா... பால் ஒட்டாம இருக்கறதுக்கு..." ஒரு வளைவைத் திருப்பிவிட்டுச் சொன்னார். "அந்த மாதிரி பெயிண்ட் ஒட்டாம இருக்கட்டும்னு கொட்டமுத்து எண்ணெய அந்தத் தகட்டுல பூசுனேன். பெயிண்ட் தெறிச்சதெல்லாம் வழிச்சா வந்துருச்சு."

"தொடைக்கலீங்களா?"

"தொடைச்சேன். துணி போட்டு நல்லாத் தொடைச்சேன். உள்பக்கம் கை போகல."

கொல்லிமலையில் பலாக் காலத்தில் எல்லா வீட்டிலும் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் கொட்டமுத்து என்று நாங்கள் சொல்லும் விளக்கெண்ணெய்ப் புட்டி ஒன்று இருக்கும். கையில் தடவிக்கொண்டு அரிந்தால் பலாப்பால் ஒட்டாது. பழம் அரிந்து முடித்த பிறகு அந்த எண்ணெயைக் கையிலிருந்து எடுப்பது எவ்வளவு பாடு என்று எங்கள் மலைப் பெண்களைக் கேட்டால் தெரியும். சீயக்காய் போட்டு இரண்டு முறை தேய்த்தாலும் மறுநாள் செம்பு கையிலிருந்து வழுக்கும். அதைத் துணியில் துடைத்துவிட்டு இந்த ரோட்டில் எங்களை இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பிடிக்க வேண்டிய கட்டைகள் எண்ணெய் குடித்துவிட்டு வழுக்கிக்கொண்டிருந்தன.

அவரை அடித்துவிடலாம் போல் இருந்தது. ஆனால் அவர் கையில்தான் ஸ்டியரிங் இருந்தது.

வண்டி செகண்ட் கியரில் இருந்தது. இன்ஜின் உறுமிக்கொண்டே இழுத்துப் பிடித்தது, ஆனாலும் டிக்கியில் இருந்த பலாப்பழமும் நாங்களும் சேர்ந்து தள்ளினோம். ஃபர்ஸ்ட் கியரைப் போடப் பார்த்தார். கரகரவென்று கத்தியதே தவிர விழவில்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். பின்சக்கரம் கொஞ்சம் பிடித்தது, பிறகு அதுவும் சூடேறித் தளர்ந்தது. ஒவ்வொரு வளைவிலும் ஹாரனை அழுத்திக்கொண்டே திருப்பினார். எதிரே ஒரு லாரி வந்திருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். டயர் கிறீச்சிட்டது. பள்ளத்துப் பக்கம் வந்தபோது தடுப்புச் சுவர் என் கண்ணுக்கு முழங்கால் உயரம்கூட இல்லை. அதற்கு அந்தப் பக்கம் வெறும் மரத்தின் உச்சிகள்.

"அம்பத்தி மூணு!" என்று பின்னாலிருந்து சந்தோஷமாகக் குரல் வந்தது. "அப்பா, வேகமாப் போங்க! பஸ்ஸ விட வேகமா!"

அவளுக்குப் பட்டுப் பாவாடை கட்டிப் பொட்டு வைத்துக் கூட்டிவந்தது நான்தானே என்று தோன்றியது. பஸ்ஸிலேயே போயிருக்கலாம். பாட்டன் காலத்திலிருந்து பஸ்ஸில்தானே போனோம்.

"பாறையில கொண்டுபோய்ச் சாத்துங்க" என்றேன். "என்ன ஆனாலும் ஆகட்டும். பள்ளத்துல போறதுக்கு அது தேவல."

"அதத்தான் நெனக்கறேன்." அவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "புள்ள இருக்கறாளே. பெல்ட்டு கூட இல்ல. மோதுனா முன்னாடி வந்து விழுந்துருவா."

இன்ஜின் கத்தியது. நான் பின்னால் திரும்பித் தாரணியின் இரண்டு கக்கத்திலும் கையைக் கொடுத்து, சீட்டுக்கு நடுவில் இழுத்து என் மடியில் போட்டுக்கொண்டேன். "ஏம்மா, நான் படிச்சுக்கிட்டு இருக்கறேன்" என்று அவள் திமிறினாள். அவள் தலையை என் தோளில் அழுத்தினேன்.

"கவிதா, கேளு" என்றார். "இதுக்கு அடுத்த வளைவு அகலமா இருக்கும், சமமா இருக்கும். அங்க கொஞ்சம் மெதுவாகும். ஹேண்ட் பிரேக்க முழுசா இழுக்கறேன். திரும்புனதும் உன்ற பக்கம் பாறை வந்துரும், புல்லு இருக்கும். ரெண்டு பேரும் எறங்கிருங்க."

"நீங்க?"

"நீங்க எறங்குனதும் நான் ரோட்டோரக் காவாயில உட்டுப் பாறையோட சேத்தி நிறுத்திக்கிறேன்."

"நான் எறங்க மாட்டேன். உங்கள உட்டுட்டு நான் எங்க எறங்கறது?"

"கவிதா!"

அவர் என்னிடம் அப்படிக் கத்தியதே இல்லை. தாரணி பயந்துபோய் அழத் தொடங்கினாள்.

"புள்ளயப் புடி. புள்ளய மட்டும் பாரு" என்றார். கொஞ்சம் இறங்கின குரலில், "சாமி, அம்மாவ நல்லாக் கட்டிப் புடிச்சுக்க கண்ணு" என்றார்.

அந்த வளைவு வந்தது. அவர் உடம்பெல்லாம் ஸ்டியரிங் மேல் சாய்ந்து திருப்பினார். பின்சீட்டில் சீர்த்தட்டு சரிந்து பலகார டின் உருண்டது. திரும்பியதும் ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தார். வண்டி குலுங்கி, மெதுவாகி, ஒரு ஆள் வேகமாக நடக்கிற அளவுக்கு வந்தது. நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை.

"எறங்குங்க ரெண்டு பேரும்! சீக்கிரம்!"

கதவைத் திறந்தேன். கீழே ரோடு ஓடிக்கொண்டிருந்தது. என்னால் முடியாது என்றுதான் நினைத்தேன். என் முதுகில் அவர் கை பட்டது, தள்ளியது. தாரணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓரத்துப் புல்லில் விழுந்தேன். முழங்கை உரிந்தது, முழங்கால் கல்லில் இடித்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தபோது, திறந்த கதவு ஆடிக்கொண்டே வண்டி இறக்கத்தில் மறுபடி வேகம் எடுத்துவிட்டது. பின்கண்ணாடி வழியாக அவர் பின்தலை தெரிந்தது. கொஞ்ச தூரத்தில் பாறை ரோட்டுக்குள் துருத்திக்கொண்டிருக்கிற இடத்தில் திரும்பி மறைந்தது.

அதே நேரத்தில் கீழேயிருந்து பஸ் ஹாரன் கேட்டது. மேலே ஏறுகிற பஸ். ரோடு முழுசையும் அடைத்துக்கொண்டுதான் அது வரும்.

பிறகு ஒரு சத்தம். தகரத்தைக் கல்லில் போட்டு இழுக்கிற சத்தம், நீளமாக. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை.

தாரணியை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடினேன். செருப்பு எங்கே போனது என்று தெரியாது. அவள் "அப்பா எங்கம்மா, அப்பா எங்கம்மா" என்று அழுதுகொண்டே வந்தாள். அந்தத் துருத்திக்கொண்டிருந்த பாறை வரைக்கும் போவதற்குள் நான் அவரை வாய்க்கு வந்தபடியெல்லாம் மனசுக்குள் திட்டினேன். கூறு கெட்ட மனுஷா, பலாப்பழமும் பிரேக்கும் உனக்கு ஒன்றா, உன் வித்தையில் தீயை வைக்க என்று திட்டினேன். கல்யாணமாகி ஒரு நாள்கூட அவரை ஒருமையில் பேசியதில்லை. திட்டிக்கொண்டே அம்மனிடம் வேண்டினேன். தாயே, வைவதற்காவது எனக்கு ஆள் வேண்டும், எடுத்துக்கொள்ளாதே என்றேன். பாறை கிட்டே வந்ததும் என் கால் தானாக மெதுவாகிவிட்டது. திரும்பினால் என்ன தெரியுமோ என்று திரும்பவே எனக்குத் துணிச்சல் வரவில்லை. தாரணியின் முகத்தை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் திரும்பினேன்.

கார் இருந்தது. இடது பக்கச் சக்கரம் இரண்டும் காவாய்க்குள் இறங்கி, பக்கவாட்டு முழுக்கப் பாறையில் உரசிச் சப்பிப்போய், மூக்கு கொஞ்சம் தூக்கியபடி நின்றது. கதவு பிய்ந்து பின்னால் கிடந்தது. டிக்கி திறந்து பலாப்பழம் ரோட்டில் உடைந்து சிதறியிருந்தது. அதற்கு நாலைந்து தப்படி கீழே பஸ் நின்றது. ஜன்னல் எல்லாவற்றிலும் தலை. முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு இறங்கி நின்று, பஸ்ஸையும் காரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டிரைவர் பக்கத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு பஸ் கண்டக்டர் உள்ளே குனிந்து பேசிக்கொண்டிருந்தார். "அண்ணா, வண்டி நின்னுருச்சுங்க. கால எடுங்க. மெல்ல எறங்கி வாங்க."

உள்ளேயிருந்து அவர் குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும் தாரணியோடு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"எடுத்தாப் போயிருமுங்க" என்றார் அவர்.

"போகாதுங்கண்ணா. காவாயில எறங்கி நிக்குது. இனி எங்க போகும்?"

"போயிருமுங்க."

எழுந்து போனேன். கண்டக்டர் என் கோலத்தைப் பார்த்துவிட்டு விலகி வழி விட்டார். இவர் நெற்றியில் வெட்டு, சட்டையில் ரத்தம், பெரிய அடி ஒன்றும் தெரியவில்லை. இரண்டு கையும் ஸ்டியரிங்கில் ஒட்டினாற்போல் இருந்தன. வலது கால் பிரேக்கில். அடி வரைக்கும் அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தார். கண் நேராக ரோட்டைப் பார்த்தது. இன்ஜின் எப்போதோ நின்றுவிட்டிருந்தது.

"ஏனுங்க" என்றேன்.

"எறங்கீட்டீங்களா?" என்றார், திரும்பாமல்.

"எறங்கீட்டமுங்க."

"சீக்கிரம் எறங்குங்க கவிதா. இந்த வளைவுல கொஞ்சம் மெதுவாகும். ரெண்டு பேரும் எறங்கிருங்க. புள்ளயப் புடி."

வழியெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு வந்த வசவில் ஒரு வார்த்தைகூட என் வாயில் வரவில்லை. தாரணியைக் கண்டக்டர் கையில் கொடுத்துவிட்டு அவர் காலடியில் மண்டி போட்டேன். வேட்டியை விலக்கி, கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினேன். வரவில்லை. கல் மாதிரி இருந்தது. "எடுக்காத புள்ள, எடுக்காத, நீங்க இன்னும் எறங்கல" என்று அவர் கத்தினார். நான் அந்தக் காலை என் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, என் உடம்பு முழுக்கப் பின்னால் சாய்த்து இழுத்தேன்.

கால் மேலே வந்தது. வண்டி அசையவில்லை.

"பாருங்க, போகல" என்றேன்.

அவர் பிரேக்கைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். கண்டக்டர் தோளில் அழுதுகொண்டிருந்த தாரணியை வெகுநேரம் பார்த்தார். அதற்கப்புறம்தான் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.